ஈரக் கொட்டையும் மூடிய கேள்வியும்

எட்டாவது முடிக்கவில்லை. காப்பி எஸ்டேட்டில் நிழல் மரம் வெட்டுகிற வேலைக்குப் போனேன். சவுக்கு மாதிரி நேராகப் போகிற சில்வர் ஓக் மரத்தில் ஏறி, மேலே நின்று கிளை கழிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம் ஏறினேன். ஒரு நாள் விழுந்தேன். வலது முட்டி போனது.

அதற்கப்புறம் பழம் அரைக்கிற கொட்டகையில் டிரையரைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். அரைத்துக் கழுவிய காப்பிக் கொட்டையை வெயிலில் காய வைப்பார்கள். வெயில் இல்லாத நாளில் டிரையர். பெரிய இரும்பு டிரம், மெதுவாகச் சுற்றும். பக்கத்தில் விறகு அடுப்பு. அடுப்புச் சூட்டை ஒரு விசிறி குழாய் வழியாக டிரம்முக்குள் தள்ளும். கொட்டை சூடேறினால் விசிறியை நிறுத்த வேண்டும். ஆறினால் மறுபடி ஓட்ட வேண்டும். முன்னே கையை உள்ளே விட்டுப் பார்த்துச் செய்தார்கள். பிறகு கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர் வந்து உள்ளங்கை அளவு ஒரு எலக்ட்ரானிக் போர்டு மாட்டினார். குழாயில் ஒரு சென்சார், டிரம்மில் ஒரு சென்சார். போர்டு இரண்டையும் பார்த்து விசிறியை நிறுத்தும், ஓட்டும். பழைய சுவிட்சைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

போர்டுக்குள் இருக்கிற சாஃப்ட்வேர் காசில்லாதது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். கெட்டால் யாரும் வர மாட்டார்கள். "மெயில் குழு ஒண்ணு இருக்குதுங்க, அதுல எழுதிக் கேட்டுக்கங்க" என்று சொல்லி என் போனில் சேர்த்து விட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை.

அந்தக் குழுவில் நாற்பது பேர் இருந்திருப்போம். எல்லாரும் தமிழில்தான் எழுதினோம். நாமக்கல் பக்கம் இன்குபேட்டரில் முட்டை பொரிக்கிறவர், ஈரோட்டில் மஞ்சள் காய வைக்கிறவர், காளான் வளர்க்கிற ஒரு அம்மா, பேக்கரிக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேர். ஒருத்தர் எழுதினால் எல்லார் போனிலும் வரும். வணக்கம் போட்டு, எந்த ஊர், என்ன தொழில், காலையிலிருந்து என்ன செய்தேன், என்ன ஆச்சு என்று முழுக்க எழுத வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். இரண்டு வரியில் கேட்டால் முட்டைக்காரர் திட்டுவார். "ஊரு பேரு இல்லாம வந்து நிக்கறீங்களே, யாருங்க நீங்க" என்று எழுதுவார். எழுதினதற்குக் கீழேயே இன்னொருத்தர் எழுதுவார். அதற்குக் கீழே நாம் எழுதுவோம். அப்படியே போகும்.

நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். சண்டை நடக்கும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்பார்கள். பேக்கரிக்காரர் இரண்டு பேர் ஒரு மாசம் ஒருத்தரை ஒருத்தர் வைது எழுதினார்கள். அதுவும் என் போனில் வந்து விழுந்தது. ஆனால் கேட்டால் ஆள் வந்தது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் எங்கள் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றால் பதில் வந்திருக்கும்.

குழுவை நடத்தினவர் சேலத்துக்காரர். முப்பது வயசிருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஐப்பசியில் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. குழுவை மூடுகிறார்கள். அதற்குப் பதில் கேள்வி-பதில் சைட் ஒன்று திறந்திருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு இடம், நல்ல பதில் மேலே வரும், ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். சாஃப்ட்வேரையும் எல்லாரும் புதுசுக்கு மாற்ற வேண்டும், பழையதை இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் இருந்தது.

முட்டைக்காரர் வேண்டாம் என்று எழுதினார். காளான் அம்மாவும் வேண்டாம் என்றார். நான் ஒன்றும் எழுதவில்லை. மாசக் கடைசியில் மூடிவிட்டார்.

புது சாஃப்ட்வேரை நான் போட்டேன். சொன்னபடி போட்டேன். அப்போது நல்ல வெயில், டிரையருக்கு வேலை இல்லை. போர்டில் விளக்கு எரிந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் மழை பிடித்தது. பழம் பறிப்பு முழு வேகத்தில் இருந்த நேரம். களத்தில் பாதி காய்ந்து கிடந்த கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கழுவின கொட்டை ஈரத்தோடு ஒரு நாள் கிடந்தால் வாடை வந்துவிடும். முதல் டிரம்மை நிரப்பி அடுப்பைப் பற்ற வைத்தேன். விசிறி இரண்டு நிமிஷம் ஓடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஓடியது. மறுபடி நின்றது. மத்தியானம் கையை விட்டுப் பார்த்தேன். கொட்டை ஆற்று மணல் மாதிரி ஈரமாக இருந்தது.

சென்சார் இரண்டின் ஒயரையும் போர்டில் இடம் மாற்றிச் சொருகினேன். அப்படியேதான் இருந்தது.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு என்னைப் பிடிக்காது. டிரையர் வேலைக்குத் தன் மச்சினனைப் போட வேண்டும் என்று இருந்தார்.

"ஏனுங்க, உங்க கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலுங்களா? சுக்குக் காப்பி வெச்சுக் குடுங்க" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேனேஜர் கேட்டாருங்க. இது ஓடலைன்னா, மரக் கவாத்துக்கு ஆள் பத்தலையாம். ஏணி சும்மாதான் கெடக்குது."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போனார். ஏணி என்றால் எனக்குத் தெரியும். மடங்காத முட்டியை வைத்துக்கொண்டு நாற்பது அடி மரத்தில் ஏற முடியாது. ஏற முடியாதவனுக்கு எஸ்டேட்டில் குடியிருக்கக் கொடுக்கிற லைன் ஊடும் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் போர்டை விட்டு விசிறிக்கு நேராகக் கரண்ட் கொடுத்திருப்பான். பக்கத்தில் நின்று கையை விட்டுப் பார்த்து ஓட்டியிருக்கலாம். கூப்பிடவில்லை. நேராகக் கொடுத்தால் போர்டு எதற்கு என்று கேட்பார்கள். போர்டு எதற்கு என்றால் நான் எதற்கு. மச்சினனும் கையை விட்டுப் பார்ப்பான். அதனால் கூப்பிடவில்லை. அது என் தப்பு.

தொட்டிக்குப் போய் குழுவுக்கு மெயில் போட்டேன். பழக்கம். அப்படி முகவரி இல்லை என்று உடனே திரும்பி வந்தது.

முட்டைக்காரர் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"நான் புதுசு போடவே இல்லீங்க. எனக்கென்ன தெரியும்" என்றார்.

சைட்டில் கேட்கலாமா என்றேன்.

"அங்கயா? ஒருக்கா கேட்டேனுங்க. கேள்வி சரியில்லைன்னு மைனஸ் போட்டானுக. எம்பத்தஞ்சு ஆயிரம் குஞ்சு பொரிச்சவனுக்கு மைனஸ். நீங்க போங்க, உங்களுக்கும் வெச்சிருப்பானுக."

போனேன். வேறு இடம் இல்லை.

குழுவில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். வணக்கம் போட்டேன். ஏற்காடு மலையில் காப்பி எஸ்டேட், விடாத மழை, டிரம்மில் இவ்வளவு கொட்டை, விசிறி நின்று நின்று ஓடுகிறது, சென்சாரை மாற்றிப் பார்த்தேன், உதவி செய்தால் நன்றி. ஒற்றை விரலில் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மழை போன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் வணக்கத்தைக் காணோம். எஸ்டேட்டைக் காணோம். மழையைக் காணோம். நன்றியும் போயிருந்தது. 'விசிறி நின்று நின்று ஓடுகிறது' என்பது மட்டும் இருந்தது. யாரோ திருத்தியிருந்தார்கள். திருத்தினவர் பேர் சின்னதாக இருந்தது. அது பேரே இல்லை, ஏதோ எழுத்தும் நம்பரும். அதற்கு மேல் மைனஸ் இரண்டு.

கீழே ஒருத்தர் எந்த வெர்ஷன் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பெரிய கட்டம் ஒன்று இருந்தது. 'உங்கள் பதில்' என்று போட்டிருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஐயா, இன்ன வெர்ஷன், ஐப்பசியில் போட்டது. இன்னொருத்தர் எந்த போர்டு என்றார். அந்தக் கட்டத்தில் அதற்கும் பதில் சொன்னேன். இரண்டுக்கும் மைனஸ் விழுந்தது. ஏனுங்க மைனஸ் போடுகிறீர்கள், கேட்டதைத்தானே சொன்னேன் என்று அதே கட்டத்தில் எழுதினேன். அதற்கும் விழுந்தது.

அந்தக் கட்டம் கேள்விக்குத் தீர்வு சொல்கிறவனுக்காம். கேட்டவன் அங்கே எழுதக் கூடாதாம். முன்கூட்டி ஒருத்தரும் சொல்லவில்லை. குழுவிலிருந்து வந்தவன் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் எழுதியிருப்பான். ஒருத்தர் எழுதினால் அதற்குக் கீழே எழுதுவதுதான் எங்களுக்குத் தெரியும்.

மூன்றையும் அழித்துவிட்டார்கள். பதில் அல்லாதவற்றைத் தொடர்ந்து பதிவிட்டதால் ஏழு நாட்களுக்கு எழுத முடியாது என்று வந்தது. கேள்வி மேலே சிவப்பில் 'மூடப்பட்டது' என்று போட்டிருந்தது. முன்பே கேட்கப்பட்ட கேள்வியாம். மூடினவர் சேலத்துக்காரர். அவர் பேர் மட்டும் எனக்குத் தெரிந்த பேர்.

போனை அணைத்துப் பையில் போட்டேன். கொட்டகைக்குள் வந்தபோது வாடை வந்திருந்தது. லேசான புளிப்பு. வெளியாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் போர்டைக் கழற்றினேன். சென்சார் இரண்டையும் ஒயரோடு சுருட்டி ரெக்சின் பையில் வைத்தேன். எங்கே என்று என் சம்சாரம் கேட்டாள். சேலத்துக்கு என்றேன்.

"மூடுனவங்ககிட்டயே போறீங்களா? போய் அடிச்சுக் கிடிச்சு வெக்காதீங்க. ஊட்டுல ஒருத்தருக்கு முட்டி போனது போதும்" என்றாள்.

பக்கத்து ஊர் வெள்ளக்கடை வரைக்கும் ஒருத்தர் வண்டியில் போனேன். அங்கிருந்து ஏற்காடு, அங்கிருந்து சேலம் பஸ். இருபது கொண்டை ஊசியிலும் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். சேலத்துக்காரர் மெயிலின் அடியில் கடை விலாசம் எப்போதும் இருக்கும். மாடிக் கடை. படி ஏற எனக்கு நேரமானது.

கடையில் அவர் மட்டும் இருந்தார். ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்திருந்தார். என்ன ரிப்பேருங்க என்றார்.

"கேள்விய மூடுனது நீங்கதானுங்களா?"

"எந்தக் கேள்விங்க?"

"விசிறி நின்னு நின்னு ஓடறது."

கொஞ்சம் பார்த்தார். "ஓ, அந்த நீளக் கடுதாசிங்களா" என்றார். சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். அது எனக்குத் தெரிந்தது.

"நீளந்தானுங்க. கொட்டையும் ரெண்டு நாளா ஈரமாக் கெடக்குது. அதையும் வெட்டிச் சுருக்கிக் குடுங்க."

உட்காருங்க என்றார். உட்காரவில்லை.

அவர் தன் பக்கத்தைச் சொன்னார். ஆறு வருஷம் குழுவை நடத்தினாராம். ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் எழுதினாராம். கல்யாணத்தன்றைக்குக்கூட முட்டைக்காரர் போன் செய்தாராம். பழைய மெயிலைத் தேடிப் படிக்கச் சொன்னால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள், எழுதிக் கேட்பார்கள். இப்போது ஒரு தடவை எழுதினால் போதும், தூங்க முடிகிறது என்றார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதற்காக எனக்கு மனசு இளகவும் இல்லை.

"மூடுனதுக்குக் கீழ நீல எழுத்துல ஒரு வரி இருந்துச்சுங்களே. அமுக்கிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"மூடிட்டீங்க. அப்புறம் கீழ என்னத்தப் பாக்கறதுங்க."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்துக்கு அடியில் நீல வரி இருந்தது. அமுக்கினார். வேறு ஒரு கேள்வி திறந்தது. பேக்கரி அடுப்பைப் பற்றியது. அதற்கு அடியில் பதில். புது சாஃப்ட்வேர் சென்சார்களைச் சொருகின வரிசையில் எடுப்பதில்லை. ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் ஒரு நம்பர் இருக்கிறது, அந்த நம்பர் வரிசையில் எடுக்கிறது. அதனால் ஒன்று இரண்டாகிவிடும். எது எந்த நம்பர் என்று எழுதி வைத்தால் சரியாகும்.

இரண்டு வரி வேலை. குழாய்ச் சூட்டைப் போர்டு கொட்டைச் சூடு என்று நினைத்திருக்கிறது. நினைத்து விசிறியை நிறுத்தியிருக்கிறது. பதில் நேற்று மத்தியானமே என் கையில் இருந்திருக்கிறது. கோபத்தில் பார்க்கவில்லை.

பையிலிருந்து சென்சார் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"சரிங்க. என்கிட்ட ரெண்டு நம்பர் இருக்கும். அதுல எது குழாய், எது டிரம்முன்னு எப்படிங்க தெரியும்? சென்சார் மேல ஒண்ணும் எழுதலீங்களே."

அவர் திரையைப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"அது இந்தப் பதில்ல இல்லீங்க. அதைத் தனிக் கேள்வியாக் கேக்கோணும்."

"கேக்க முடியாதுங்க. ஏழு நாளைக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க."



அந்த நேரத்தில் கீழ்க் கடையிலிருந்து டீ வந்தது. இரண்டு கிளாஸ். நான் போர்டை எடுத்து மேஜையில் வைத்து, அவர் கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னேன். மாட்டினார். இரண்டு நம்பரும் அதனதன் சூடும் திரையில் வந்தன. ஒரு சென்சாரை எடுத்து டீக் கிளாஸில் விட்டேன். ஒரு நம்பருக்கு நேரே சூடு ஏறியது. அந்தச் சென்சாரில் பிளாஸ்டர் ஒட்டி, குழாய் என்று எழுதச் சொன்னேன். மற்றதில் டிரம் என்று எழுதச் சொன்னேன். இரண்டு வரியையும் அவரே அடித்துக் கொடுத்தார்.

"நொம்ப சிம்பிளா இருக்குதுங்களே. இதை நீங்க ஒரு பதிலாப் போடுங்க. அடைச்சதை எடுத்து விட்டுடறேன். பல பேருக்கு ஒதவும்" என்றார்.

"நீங்களே போட்டுக்கங்க."

"உங்க பேர்ல இருந்தா உங்களுக்குப் பாயிண்ட் வருமுங்க."

"அத வெச்சு நான் என்னுங்க பண்றது. மரம் ஏறவா?"

டீயைக் குடிக்கவில்லை. குடிக்கிற மாதிரியும் இல்லை, சென்சார் கிடந்த டீ. ரிப்பேருக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். படி இறங்கும்போது பின்னாடியே வந்து, பார்த்துப் போங்க என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குக் கொட்டகையில் இருந்தேன். போர்டை மாட்டினேன். விசிறி ஓடியது, ஓட வேண்டிய நேரம் ஓடியது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. களத்துக் கொட்டை தப்பித்தது. முதல் டிரம் தப்பிக்கவில்லை. காய்ந்தது, ஆனால் வாடை போகவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்தார். கூட ரைட்டர். மேனேஜர் ஒரு கை கொட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். இது ஏன் இப்படி என்று கேட்டார். ரைட்டர் வாயைத் திறப்பதற்கு முன்னே நான் சொன்னேன். போர்டு கெட்டது, சரி செய்கிற வழி கெட்ட அன்றைக்கே கிடைத்தது, நான் பார்க்கவில்லை, எலக்ட்ரீஷியனையும் கூப்பிடவில்லை. அவ்வளவும் சொன்னேன்.

"ஏன் கூப்பிடலீங்க?"

"என்னைய மரத்துக்கு அனுப்பிருவீங்கன்னு கூப்பிடலீங்க."

அவர் கொட்டையைத் திரும்ப டிரம்மில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். வெட்டியாகக் கத்துகிற ஆள் இல்லை.

"இந்த டிரையரை எப்படி ஓட்டறதுன்னு எல்லாத்தையும் எழுதி இந்தச் செவுத்துல ஒட்டுங்க. நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் இது ஓடோணும். யார் படிச்சாலும் புரியோணும்."

போய்விட்டார்.

எனக்குப் புரிந்தது. சேலத்துக்காரர் செய்ததும் இதுதான். பதிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சொன்னவன் வேண்டியதில்லை. குழுவில் ஆளைக் கேட்டோம். திட்டினாலும் ஆள் இருந்தது. சைட்டில் பதில் இருக்கிறது, ஆள் இல்லை. இனி டிரையரிலும் அப்படித்தான்.

பாதியை மறைத்து எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. செய்தால் அடுத்த மழையில் இன்னொரு டிரம் நாறும். அந்த வாடை எனக்கு ஆகாது. இரண்டு நாள் உட்கார்ந்து முழு வெள்ளைத் தாள் நாலில் எழுதினேன். எத்தனை சூட்டில் விசிறி நிற்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருதரம் கொட்டையைக் கடித்துப் பார்க்க வேண்டும், சென்சார் நம்பர், டீக் கிளாஸ் எல்லாம் எழுதினேன். வணக்கம் போடவில்லை. சுவரில் ஒட்டினேன்.

ரைட்டர் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தாளையும் படித்தார். ஒரு எழுத்தும் விடவில்லை.

"இது போதுமுங்களே. இனி நீங்க எதுக்குங்க?"

"ஓட்டிப் பாருங்க" என்றேன்.

அடுத்த நாள் மச்சினனைக் கூட்டிவந்து டிரையரில் விட்டார். என்னை ஊட்டில் இருக்கச் சொன்னார். ஏணியைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றார். வந்து உட்கார்ந்தேன். சம்சாரம் சோறு வடித்தாள்.

பதினோரு மணிக்கு மச்சினனே வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் கரி. மழையில் நனைந்த விறகை அடுப்பில் போட்டிருக்கிறான். கொட்டகை முழுக்கப் புகை, டிரம்மில் சூடே ஏறவில்லை. தாளில் ஈர விறகைப் பற்றி ஒன்றும் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் எழுதத் தோன்றவில்லை. காய்ந்த விறகை உள்ளே எடுத்து வைப்பது எனக்குக் கை தானாகச் செய்கிற வேலை.

"ரைட்டர் உடனே வரச் சொன்னாருங்க."

"வர்றேன்னு சொல்லு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனேன்.